வவுச்சர் இல்லாத செலவு: கலைவாணரின் கணக்கு



பொங்கல் விழாவில் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தினோம் அல்லவா? "கலைவாணர் என்பவர் யார்?" என்று ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பையன் சட்டென்று கையைத் தூக்கி, "சென்னையில இருக்கிற ஆடிட்டோரியம் அங்கிள்" என்றான். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவன் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் பற்றி அவனிடம் நாம் யார் சொன்னோம்? அதனால் இந்த இதழில் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சினிமா விமர்சகன் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கவுன்ட்டரில் லெட்ஜர் எழுதியவன். யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் வரவு என்ன, செலவு என்ன, கடைசியில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கத்தான் தோன்றும். அப்படிப் பார்த்தபோது கலைவாணர் கணக்கு மட்டும் எனக்கு 'டாலி' ஆகவே இல்லை. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

நம் ஊரிலிருந்து தொடங்கும் கதை

கதை நமக்கு மிகவும் பக்கத்தில் தொடங்குகிறது. தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி நகருக்குள் நுழைந்து, வடக்கே போனால் கருவடிக்குப்பம். பாரதியாரின் குயில் தோப்பைப் பார்க்க நம்மில் பலர் அங்கே போயிருப்போம். அங்குள்ள இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர். சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்தும் பாலர் சபைகளை வளர்த்தவர். 1918இல் அவர் மதுரையில் தொடங்கிய சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். சுவாமிகள் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு இழந்து, 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். அப்போது இது பிரெஞ்சுக்காரர் ஊர். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் மேளதாளத்தோடு வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

சுவாமிகளிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தனிக் குழு தொடங்கினார்கள். அதில் வந்து சேர்ந்த பையன்களில் ஒருவர்தான் கிருஷ்ணன். ஆகவே கலைவாணரின் தொழில் பரம்பரையைத் தேடிக்கொண்டே போனால் அதன் வேர் நம் கருவடிக்குப்பத்து மண்ணில் வந்து நிற்கிறது.

தொடக்க இருப்பு: ஒன்றுமில்லை

1908 நவம்பர் 29ஆம் தேதி நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். வீட்டில் வறுமை. படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்ற பையன், விற்றபடியே நாடகத்தைப் பார்த்துப் பார்த்து, மேடைக்கு ஆசைப்பட்டார். தந்தை கொண்டுபோய் டி.கே.எஸ். குழுவில் சேர்த்தார்.

பாலர் சபை என்றால் இன்றைய கோடைக்கால முகாம் போல இல்லை. அதிகாலையில் பாட்டு, பிறகு பாடம், ராத்திரி நாடகம். ஒருவன் வரவில்லை என்றால் இன்னொருவன் அந்த வேஷத்தைக் கட்டியாக வேண்டும். எல்லா வேஷமும் போட்டுப் பழகியதால் பின்னாளில் எந்தப் படத்தில் எந்தச் சின்ன இடம் கிடைத்தாலும் அதைத் தன் இடமாக ஆக்கிக்கொள்ள அவரால் முடிந்தது. ஊர்ப்பக்கத்து வில்லுப்பாட்டும் அவர் கையோடு வந்தது. கதையை நிறுத்தி நிறுத்தி, கேட்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து, மறுபடி பாட்டுக்குப் போகும் வழக்கம் அந்தக் கலையில் உண்டு. அதை அப்படியே சினிமாவுக்குக் கொண்டுபோனார்.

1935இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா', 1936இல் 'சதிலீலாவதி'. இரண்டாவது படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் தமிழ்ப் படங்கள் எடுத்தவர். எம்.ஜி.ஆரும் டி.எஸ்.பாலையாவும் திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான்.

அதே 1936இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனாவுக்குப் போனார்கள். உடன் நடிக்க வந்தவர் டி.ஏ.மதுரம், திருச்சிக்காரர். போன இடத்தில் குழுவின் சாப்பாட்டுச் செலவுக்கே பணம் தட்டுப்பட்டது என்றும், கிருஷ்ணன் மதுரத்திடம் கேட்டு வாங்கி எல்லோருக்கும் சோறு போட்டார் என்றும் சொல்வார்கள். ஏற்கெனவே திருமணம் ஆனவர் கிருஷ்ணன், மதுரத்தையும் மணந்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பே கணவர் கையில் மனைவியின் பணம் மற்றவர்களுக்குச் சோறாகிவிட்டது. வரப்போகும் குடும்பக் கணக்கின் லட்சணம் மதுரத்துக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்!

எதைப் பார்த்துச் சிரிப்பது?

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தொழிலையே உருவாக்கினார்கள். ஒரு படத்தின் நகைச்சுவைப் பகுதியைத் தங்கள் குழுவை வைத்துத் தாங்களே எழுதி, தாங்களே எடுத்துத் தயாரிப்பாளரிடம் கொடுப்பார்கள். முதன்மைக் கதை ஒரு பக்கம் ஓடும், இவர்கள் கதை இன்னொரு பக்கம் ஓடும். 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என்று எம்.கே.தியாகராஜ பாகவதர் படங்களில் பாட்டுக்கு அவர், சிரிப்புக்கு இவர் என்று ஆனது. டங்கன் எடுத்த 'சகுந்தலை'யில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடிக்க, மீனவராக வந்து சிரிக்க வைத்தார்.

அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். திக்குவாயைப் பார்த்துச் சிரிப்பது, கருப்பு நிறத்தைப் பார்த்துச் சிரிப்பது, குண்டானவரைப் பார்த்துச் சிரிப்பது என்று நம் சினிமா நகைச்சுவையில் மலிவான வழிகள் பல உண்டு, இன்றும் உண்டு. கலைவாணர் பெரும்பாலும் ஆளை விட்டுவிட்டு வழக்கத்தைப் பிடித்தார். சாதி, மூடநம்பிக்கை, குடி, போலிச் சாமியார்த்தனம் இவையெல்லாம் அவருக்குச் சரக்கு. பெரியாருக்கும் அண்ணாவுக்கும் நெருக்கமானவர். ஆனாலும் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பக்தரும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். ஊரில் காந்தியடிகளுக்குத் தன் சொந்தப் பணத்தில் நினைவுத் தூண் எழுப்பியவரும் இவர்தான். நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் அது இருக்கிறது.

கணக்கு முடக்கப்பட்ட காலம்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடத் தொடங்கியது. மூன்று தீபாவளி கண்ட படம் அது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகரும் நகைச்சுவை நடிகரும் சிறைக்குப் போனார்கள்.

அந்த நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த பத்திரிகை அது. சதி செய்ததாக டிசம்பரில் பாகவதர், கலைவாணர், கோவை பட்சிராஜா பிலிம்ஸ் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்களை நம்பித் தண்டனை கொடுக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. சுதந்திரத்துக்கு நான்கு மாதம் முன்பு.

இரண்டே கால் ஆண்டுக்கு மேல் சிறை. லண்டன் வரை வக்கீல் செலவு. வருமானம் இல்லை. வங்கி மொழியில் சொன்னால் கணக்கு முடக்கம். இந்த நேரத்தில் கணவரின் பெயரிலேயே நாடக சபையை நடத்தி, எஸ்.வி.சகஸ்ரநாமம் போன்றவர்களின் துணையோடு பணம் திரட்டியவர் மதுரம். அந்த மேடையில் நடந்த 'பைத்தியக்காரன்' நாடகம் படமானது. படம் முடிவதற்குள் கலைவாணர் வெளியே வந்துவிட, அவருக்கும் ஒரு வேஷம் சேர்த்தார்கள். எஸ்.எஸ்.வாசனோ, முக்கால்வாசி எடுத்து முடித்திருந்த 'சந்திரலேகா'விலேயே இந்தத் தம்பதிக்காகப் புதிதாக இடம் உண்டாக்கினார்.

பாகவதருக்கு இப்படி நடக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு அவர் நடித்த படங்கள் ஓடவில்லை, 1959இல் காலமானார். குரல் மாறவில்லை, காலம் மாறிவிட்டது என்பார்கள். கலைவாணர் மட்டும் எப்படி எழுந்தார்? ராஜா வேஷத்துக்குக் கிரீடம் வேண்டும், அது ஒரு முறை விழுந்தால் எடுத்து வைப்பது கஷ்டம். சிரிக்க வைப்பவர் தலையில் கிரீடம் ஏது? இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். அவர் இல்லாதபோது அவருக்காக உழைக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் எந்தப் பாஸ் புத்தகத்திலும் இல்லாத வைப்புத் தொகை.

'நல்லதம்பி'யும் ஒரு ஹாலிவுட் படமும்

1949இல் வந்த 'நல்லதம்பி' அவருடைய மிக நல்ல படங்களில் ஒன்று. கதை, வசனம் அறிஞர் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இதன் மூலக்கரு 1936இல் பிராங்க் காப்ரா எடுத்த அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது. கிராமத்து எளிய மனிதன் ஒருவனுக்கு எதிர்பாராமல் பெருஞ்சொத்து வருகிறது. அவன் அதை ஏழைகளுக்குக் கொடுக்கக் கிளம்புகிறான். அங்கே அந்த வேஷத்தில் நடித்தவர் கேரி கூப்பர். நெடுநெடுவென்ற உயரம், அதிகம் பேசாத நாயகன். அந்த இடத்தில் இங்கே வாய் ஓயாத நம் ஆள்! கதையை எடுத்தார்களே தவிர மனிதரை நகல் எடுக்கவில்லை.

படத்தில் 'கிந்தனார்' என்ற கதாகாலட்சேபம் வருகிறது, உடுமலை நாராயண கவி எழுதியது. நந்தனார் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அந்த நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். இந்தக் கிந்தன் பட்டணத்துக்குப் போய்ப் படிக்க ஏங்குகிறான். தாழ்த்தப்பட்டவன் என்று ஒதுக்கப்பட்ட பையன் ரயிலேறிப் போய், படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். பாகவதர் பாணியில் சிப்ளாக்கட்டை தட்டிக்கொண்டு இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்து, கடைசியில் தலைகுனியவும் வைக்கிறார். நாடு விடுதலையாகி இரண்டே வருடம் ஆன நேரம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

அதே படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றி மதுரத்தோடு ஒரு பாட்டு. பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்கிற அளவுக்குக் கற்பனை போகிறது. அன்று தியேட்டரே சிரித்திருக்கும். இன்று நம் பி பிளாக் வாசலில் ராத்திரி ஒன்பது மணிக்கு நிற்கும் டெலிவரி பையன்களை எண்ணிப் பாருங்கள். பொத்தானைத் தட்டுகிறோம், இட்டிலி வருகிறது. கொண்டுவருபவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை.

மதுவிலக்கும் அந்தப் படத்தில் உண்டு. குடித்துப் பழகச் சொல்லித் தொடங்கி, என்ன இவர் இப்படிச் சொல்கிறாரே என்று நாம் விழிக்கும்போது பாலைச் சொல்லி முடிக்கும் பாட்டு அது. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்திருந்தது. நம் புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் நமக்கு அந்தக் கவலை இல்லை. இன்றும் இல்லை என்பதற்குக் கடலூர் சாலையின் இரண்டு பக்கமும் சாட்சி.

1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகிய படங்களை அவரே இயக்கினார். இரண்டுக்கும் வசனம் கலைஞர் மு.கருணாநிதி. 'பணம்' சிவாஜி கணேசனின் தொடக்க காலப் படம். பணத்தை எங்கே போய்த் தேடுவேன் என்று கேட்டபடி கலைவாணர் அலையும் பாட்டு அதில் உண்டு. அவர் வீட்டுப் பணம் எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும்.

வரவு தெரியும், செலவுக்கு வவுச்சர் இல்லை

இந்த இடத்தில்தான் என் லெட்ஜர் திணறுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், நாடக சபை, சொந்தப் பட நிறுவனம். வரவுப் பக்கம் கனமானது. செலவுப் பக்கத்தில் பாதிக்கு ரசீது இல்லை.

பலரும் சொல்லக் கேட்ட கதை ஒன்று. வருமான வரி அதிகாரி ஒருவர் கலைவாணரின் கணக்கைப் பார்த்தபோது 'தர்மம்' என்று தொகை தொகையாக எழுதியிருந்ததாம். ரசீது எதுவும் இல்லை. சந்தேகப்பட்ட அதிகாரி, வீட்டுக்குப் போய்த் தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல், மகள் கல்யாணத்துக்குப் பணம் இல்லை என்று கேட்டுப் பார்த்தாராம். கலைவாணர் மறு பேச்சின்றிக் கொடுக்க முன்வந்தார். அதிகாரி உண்மையைச் சொல்லிவிட்டு, உங்களுக்குக் கிருஷ்ணன் என்று பெயர் வைத்ததற்குப் பதில் கர்ணன் என்று வைத்திருக்கலாம் என்றாராம்.

நடந்ததோ, அவரை நேசித்தவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்ததோ, இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. வேலையில் சேர்ந்து பத்து வருடம் இருக்கும். ஒரு வயதான அம்மா நகையை மீட்க வந்தார். வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் எண்பது ரூபாய் குறைந்தது. மறுநாள் பேத்திக்கு நிச்சயதார்த்தம் என்றார். "ஒரு ரூபாய் குறைந்தாலும் கொடுக்க முடியாதும்மா" என்றேன். விதிப்படி நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் சட்டைப் பையில் அன்று இருநூறு ரூபாய்க்கு மேல் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவர் படியிறங்கிப் போய் அரைமணி நேரம் கழித்து. அன்று மாலை என் கவுன்ட்டரில் பைசா வித்தியாசம் இல்லாமல் கணக்கு டாலி ஆனது. முப்பது வருடம் கழித்தும் அந்த எண்பது ரூபாய் மட்டும் டாலி ஆகவில்லை.

அதற்காகக் கலைவாணர் செய்ததெல்லாம் சரி என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த குடியிருப்பு இது. கையில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினால் உங்கள் வீட்டம்மா என்னைத் தேடி வருவார். அவருடைய கடைசிக் காலம் பணக் கஷ்டத்தில்தான் கழிந்தது. கொடுத்த கைக்குக் கிடைத்த புகழ் அவருக்கு. மிச்சமில்லாத வீட்டை நடத்திய பாரம் மதுரத்துக்கு. பூனாவில் சோறு போட்டவர், வழக்குக்கு மேடையேறிச் சம்பாதித்தவர், அவருக்குப் பின் 17 ஆண்டுகள் இருந்து 1974இல் மறைந்தவர். வள்ளல் என்று நாம் ஒருவரைப் புகழும்போது அதில் பாதிக் கையெழுத்து மதுரத்துடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். வயது 48தான். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். படுக்கையில் பணக்கட்டை வைத்தபோது, இதைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால் வருகிறவர்களுக்குக் கொடுக்க வசதியாக இருக்குமே என்று கேட்டாராம். இதுவும் பலர் சொல்லும் கதைதான். ஆனால் வேறு எந்த நடிகரைப் பற்றியும் இப்படி ஒரு கதை கட்ட யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

இறுதி இருப்பு

1969 பொங்கலன்று சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார் முதலமைச்சர் அண்ணா. புற்றுநோயால் உடல் நைந்திருந்த நேரம். போக வேண்டாம் என்று சொல்லியிருக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது. போனார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. பிப்ரவரி 3ஆம் தேதி அண்ணா மறைந்தார். இறந்து பதினோரு வருடம் ஆன ஒரு நகைச்சுவை நடிகருக்காக, நிற்கவே முடியாத ஒரு முதலமைச்சர் வந்து நின்றார். இது எந்தப் பத்தியில் எழுத வேண்டிய வரவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் சமுதாயக் கூடத்தில் 'நல்லதம்பி' படத்தைத் திரையிடலாம். பழைய படம், சத்தம் கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் முன் வரிசையில் உட்கார வைப்போம். சுண்டல் செலவு என்னுடையது; அதற்கு வவுச்சர் வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வினாடி வினாப் பையனும் வரட்டும். கேள்வியை இன்னொரு முறை கேட்கிறேன்.